நாலு விரக்கடைத் தண்ணி

ஆடி மாதம் ஒரு மத்தியானம், பழனியாத்தாள் வீட்டு மேல்தளத்திலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பத்தை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் வரை அவள் மகள் கயல்விழி அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். தண்ணீர் குடிக்க எழுந்து போனதால் தப்பித்தாள். சத்தம் கேட்டு, எதிர்வீட்டில் மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்த நாங்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். தலையணை மேல் சிமெண்ட் கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பி இரண்டு வெளியே தெரிந்தது. கயல்விழி சொம்பைக் கையில் பிடித்தபடி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். சொம்பிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சிந்திக்கொண்டே இருந்தது.

எங்கள் வீதி துடியலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பதினெட்டு வீடுகள். எல்லாம் ஒரே அளவு, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீடுகள். பதினெட்டும் ஒழுகும். மழை வந்தால் ஒழுகுகிற இடத்தில் போசியை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்போம். எங்களுக்கு அது பழகிவிட்டது. கயல்விழியின் மாமியார் ராசம்மாளுக்குப் பழகவில்லை.

மறுநாளே அந்தியூரிலிருந்து கார் பிடித்து வந்துவிட்டார். உட்காரவில்லை. கட்டிலையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங் சம்பந்தி, நான் கொறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. இந்தக் கட்டில்ல எம்மருமகள எப்படீங்க படுக்க வெக்கறது?"

"சரி பண்ணிப்போடறமுங்க" என்றாள் பழனியாத்தாள்.

"போன ஐப்பசிலயும் இதத்தானுங்க சொன்னீங்க. வளையல் போடறதுக்குப் புரட்டாசிக் கடைசீல நாள் பாத்திருக்குது. அதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து பாப்பேன். ஊடு நல்லா இருந்தா நானே புள்ளையக் கொண்டாந்து உட்டர்றேன். இல்லாட்டிப் பிரசவம் அந்தியூர்லதானுங்க. அங்கயும் ஆசுபத்திரி இருக்குது."

ராசம்மாள் கெட்ட மனுஷி இல்லை. போகும்போது கயல்விழியின் தலையைத் தடவிக் காரில் ஏற்றினார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கயல்விழி பிறந்தபோது பழனியாத்தாள் ஒரு மில் கட்டடத்தில் தகரக் கொட்டகையில் குடியிருந்தாள். முப்பதாம் நாள் சாந்துச் சட்டி தூக்கப் போய்விட்டாள். பிள்ளைக்குத் தொட்டில், சென்டிரிங் கம்பத்தில் கட்டிய சேலை. இதை எங்கள் வீதியில் எல்லோருக்கும் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லி முடித்ததும், "எம்புள்ளைக்கு அப்படி ஆகாது" என்று சேர்த்துக்கொள்வாள்.

அவள் புருஷன் வேலன், சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். யாருக்கும் எதிரே நின்று இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள். கார் போனதும் அவர் செய்த முதல் காரியம், மதன்குமாருக்கு போன் போட்டதுதான்.

மதன்குமார் கட்டட கான்ட்ராக்டர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பழனியாத்தாள் சித்தாளாக வேலை செய்வது அவரிடம்தான். அவருடைய அப்பா தம்பிதுரைக் கவுண்டர் தோட்டத்தில் வேலனின் அப்பா காலம் முழுக்கப் பண்ணையத்து ஆளாக இருந்தார். மதன்குமார் சாயங்காலமே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கட்டில் மேல் ஏறி நின்று விரலால் தட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

"பழனியக்கா, இதுக்கு எதுக்குங்க்கா இத்தனை கவலை? கீழ பால்ஸ் சீலிங் அடிச்சரலாம். நாலு மூலைலயும் லைட்டு. பாருங்க." போனை நீட்டினார். அதில் யார் வீட்டுக் கூரையோ கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. "உங்க சம்பந்தி அண்ணாந்து பாத்தா அப்படியே அசந்து போயிருவாங்க."

வேலன் போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானுங்க தம்பி இருக்குது."

"மேல ஒழுகறதுங்க?" என்றாள் பழனியாத்தாள்.

"அது தை மாசம் பாத்துக்கலாங்க்கா. இப்ப கையில நாலு சைட்டு ஓடுது, தளத்துக்கு ஆள் இல்ல. சீலிங்னா ரெண்டே நாளு."

"அப்ப தண்ணி எங்கீங்க போகும்?"

"எந்தத் தண்ணி?"

"மேல எறங்கற தண்ணி. நீங்க அடிக்கற சீலிங்குக்கு மேல நிக்குமுங்களா, இல்ல லைட்டு வழியா வருமுங்களா?"

மதன்குமார் சிரித்துவிட்டார். "வேலண்ணா, அக்கா இன்ஜினியராட்டப் பேசறாங்க பாத்தீங்களா?"

வேலனும் சிரித்தார். பழனியாத்தாள் காபி போட உள்ளே போனாள். டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு. வாசல் கதவு திறந்துதான் இருந்தது. எங்கள் வீதியில் சாப்பிடுகிறபோது யாரும் கதவைச் சாத்துவதில்லை, அதனால் பேச்செல்லாம் எங்களுக்கும் கேட்டது.

"நானே போட்டுக்கறேன்" என்றாள்.

"என்னத்த?"

"தளத்த."

வேலனுக்குப் புரையேறியது. "நீ என்ன கொத்தனாரா?"

"இருபத்தாறு வருசமா கொத்தனாருக்குப் பக்கத்துல நிக்கறனுங்க."

"நான்கூடத்தான் இருபது வருசமா கம்ப்யூட்டர்காரங்கள ஏத்தி எறக்கறேன். நாளைக்கு உள்ள போயி கம்ப்யூட்டர் தட்டட்டுமா?"

"நீங்க வாசல்ல எறக்கி உட்டுப்போட்டு வந்தர்றீங்க. நான் வேலை முடியற வரைக்கும் அங்கயே நிக்கறேன்."

வேலன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "தம்பிகிட்ட வேண்டாம்னு எப்படிப் புள்ள சொல்றது? எங்கப்பன் காலத்துல இருந்து அவங்க தோட்டத்துல…"

"மாமா தோட்டத்துல பாடுபட்டாரு. அதுக்காவ எம்மக தலை மேல தண்ணியத் தேக்கி வெச்சு, கீழ லைட்டப் போட்டு மூடச் சொல்றீங்களா?"

"ஒழுகுச்சுன்னா?"

"ஒழுகுச்சுன்னா நானே சம்பந்திகிட்டப் போயி, புள்ள அங்கயே இருக்கட்டுமுங்கன்னு சொல்லிப்போடறேன். பத்தாதா?"

மதன்குமாரிடம் அவளே சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "செய்யுங்க்கா. ஆனா நாளைக்கு ஒழுகுனா என்னையக் கூப்புடக் கூடாது. இன்னொருத்தர் கை வெச்ச வேலைய நான் தொடறதில்ல" என்றார். கான்ட்ராக்டர்கள் எல்லோரும் அப்படித்தான்.

சித்தாள் வேலை என்றால் மணல் சலிப்பது, கலவை போடுவது, சும்மாட்டில் சட்டியை ஏற்றி ஏணியில் ஏறுவது, பூசின சுவருக்கும் தளத்துக்கும் காலையிலும் பொழுதோடவும் தண்ணீர் ஊற்றுவது. கொத்தனாரின் கரண்டியை அவள் எடுத்துக் கொடுக்கலாம், கழுவி வைக்கலாம். அதில் கலவையை எடுத்துச் சுவரில் வைக்க மட்டும் கூடாது. இப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த மேஸ்திரியும் வாயால் சொன்னதும் இல்லை. ஆனால் கோயமுத்தூரில் எந்தக் கட்டடத்துக்குப் போய்ப் பார்த்தாலும் கரண்டி பிடித்தவர் ஆண், சட்டி தூக்குகிறவள் பெண். பதினாறு வயதில் சித்தாளாகப் போகிற பையன் பத்தொன்பதில் கொத்தனார் ஆகிவிடுவான். பதினாறில் போகிற பெண் அறுபதிலும் சித்தாள்தான்.

கரண்டிக்கு வெங்கடலட்சுமி வழி செய்தாள். அவளும் மதன்குமாரிடம் சித்தாள். பழனியாத்தாளோடு பதினைந்து வருஷமாக ஒரே ஏணியில் ஏறி இறங்குகிறவள். புருஷன் ராமுலு அதே இடத்தில் மேஸ்திரி. ஆவணி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சேலைத் தலைப்பில் எதையோ சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் வீதிக்குள் வந்தாள். கூட இரண்டு பெண்கள்.

"கரண்டி, தேய்க்கற மணியாசுக் கட்டை, ரசமட்டம். மூணும் இருக்குது. எங்க ஊட்டுக்காரரு ஞாயித்துக்கெழமை பத்து மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. அதுக்குள்ள கழுவி வெச்சரோணும்."

"முழிச்சுட்டாருன்னா?"

"கோழிக் கொழம்பு வெச்சிருக்கறேன். மொதல்ல அதத்தான் தேடுவாரு."

அதற்கு முந்தின ஒரு வாரமும் பழனியாத்தாள் தினமும் வேலை விட்டு வந்து, பழைய தட்டோடுகளையெல்லாம் பெயர்த்து, காங்கிரீட் தெரியும் வரை சுரண்டிக் கழுவி வைத்திருந்தாள். சிமெண்டும் எம்சாண்டும் வாசலில் இறங்கியிருந்தன. நாலு பேரும் வேலையில் இறங்கினார்கள். இருவர் கலக்க, வெங்கடலட்சுமி ஏணியில் ஏற்றித் தர, பழனியாத்தாள் முட்டி போட்டுக் கரண்டியைப் பிடித்தாள். முதல் கரண்டிக் கலவையை வைத்துவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று வீதியை எட்டிப் பார்த்தாள். வீதியே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுக்கு நாலா போடட்டுமுங்களா?" என்று கீழேயிருந்து ஒருத்தி கேட்டாள். ஒரு சட்டி சிமெண்டுக்கு நாலு சட்டி மணல் என்று கணக்கு.

"ஒண்ணுக்கு ரெண்டு போடு."

"ரெண்டா?"

"காலமெல்லாம் 'சிமெண்டக் கொற, சிமெண்டக் கொற'ங்கற பேச்சக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என்ர ஊட்டுக்கு நான் கஞ்சம் புடிக்கறதா? நல்லாப் போடு கண்ணு."

போட்டார்கள். கருகருவென்று, நெய் விட்டுக் கிண்டியது போல வழுவழுப்பான கலவை. வாட்டம் கிழக்கு ஓரத்து மழைத்தண்ணீர்க் குழாயைப் பார்த்து இறங்கியது. மேலே வெறும் சிமெண்டையும் தூவித் தேய்த்தாள். பதினொரு மணிக்குத் தளம் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்போதுதான் ராமுலு மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏய் லட்சுமி! என்ர கரண்டி எங்க?"

வெங்கடலட்சுமி கரண்டியைப் பின்னால் மறைத்தாள். மறைக்கிற அளவுக்கு அது சின்னது இல்லை.

ராமுலு ஏணியில் ஏறி வந்து தளத்தைப் பார்த்தார். குனிந்து ஒரு விரலால் தொட்டார். மேற்கே திரும்பி ஆகாயத்தைப் பார்த்தார். மேகாத்து வீசிக்கொண்டிருந்தது. ஆடி ஆவணியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற இந்த மேல்காற்று, காயப்போட்ட சேலையை அரை மணியில் உலர்த்திவிடும்.

"ரொம்ப நல்லா இருக்குதும்மா" என்றார். "நாளைக்குப் பொழுதோட வந்து பாக்கறேன்." கரண்டியை வாங்கித் துடைத்துக்கொண்டு போனார். அவர் சிரித்த சிரிப்பு எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் தளம் முழுக்க வெடித்திருந்தது. பழைய பீங்கான் தட்டில் ஓடுகிற கீறல் மாதிரி, மெல்லிசாக, குறுக்கும் நெடுக்குமாக, பத்துக்கு இருபது அடியும். நகம் நுழைகிற வெடிப்பும் இருந்தது. ராமுலு சொன்னபடியே சாயங்காலம் வந்தார். "கரண்டி ஆளப் பாத்துத்தான் வேலை செய்யுமாட்ட இருக்குது" என்று வீதிக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, வேலன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளும் மதன்குமாரின் நம்பரை வேலன் எடுத்து வைத்துக்கொண்டு பழனியாத்தாள் முகத்தைப் பார்ப்பார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆனால் காலையிலும் பொழுதோடவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி அந்தத் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"வெடிச்ச தளத்துக்கு எதுக்குத் தண்ணி?" என்று கேட்டார் வேலன்.

"தெரியலீங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தவள், குழாய் மூலையில் குடத்தைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். அந்த மூலையில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வெடிப்பே இல்லை. கையால் தடவினாள். முட்டி போட்டுக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அப்புறம் வெங்கடலட்சுமிக்கு போன் போட்டாள். நாங்கள் கேட்க, மேலேயிருந்தே கத்திப் பேசினாள்.

"லட்சுமீ, கொழாய் மூலைக்கு என்ன கலவை போட்டோம்?"

"அதுக்குள்ள சிமெண்ட் தீந்து போச்சில்ல? மிச்சத்துல மணல எச்சாப் போட்டு இழுத்தோம். நீங்ககூட, இந்த மூலை கொஞ்சம் மோசந்தான்னு சொன்னீங்க."

"மேல சிமெண்ட் தூவுனமா?"

"எங்க தூவறது? சாக்கே காலி."

"ஈரச் சாக்க எங்க போட்டுட்டுப் போனோம்?"

"அந்த மூலைலதான்."

பழனியாத்தாள் சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று நாள் கழித்து அவள் சிரித்த சத்தம் கேட்டு வேலன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"லட்சுமீ, நம்ம பாசந்தான் வெடிச்சுப் போச்சு. எச்சாப் போட்டதுதான் தப்பு. இத்தனை வருசமும் சிமெண்டக் கொறைக்கறாங்களேன்னு வாய்க்குள்ள திட்டிட்டே தூக்கினோம். திருடுனவங்களும் இருந்தாங்க, இல்லேங்கல. ஆனா எல்லாமே திருட்டு இல்ல. அதுக்குன்னு ஒரு அளவு இருக்குது."

"அப்ப எங்க ஊட்டுக்காரருக்கு அது தெரிஞ்சிருக்குது."

"தெரியாமயா சிரிச்சுட்டுப் போனாரு?"

"வரட்டும், இன்னைக்குக் கோழியும் இல்ல, கொழம்பும் இல்ல."

மறுபடி எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருந்தது. நாலு நாள் சுத்தியல் சத்தம். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. பழனியாத்தாளின் உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, துணி சுற்றிக்கொண்டு அடித்தாள். வெடிக்காத அந்தப் பாய் அகலத்தையும் உடைத்துவிட்டாள். "ஒட்டுப் போட்டா ஒட்டுல எறங்கும்" என்றாள். ராமுலுவின் கரண்டி இனிக் கிடைக்காது. துடியலூர் கடைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு கரண்டி வாங்கி வந்தாள். கடைக்காரர், "மேஸ்திரி என்ன சைஸ் சொன்னாருங்க?" என்று கேட்டாராம். "மேஸ்திரி கைக்குச் சரியா இருக்கோணும்" என்று சொல்லித் தன் கையில் பிடித்துப் பார்த்து வாங்கினாளாம்.

இரண்டாவது ஞாயிறு, கலக்க வருகிற இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். கலவைக்கு வெங்கடலட்சுமி நின்றுவிட்டாள். சட்டி தூக்க ஆள் இல்லை. வேலன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஊடு ரெண்டு பேருக்குந்தான?" என்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். பழனியாத்தாள் பார்த்தாள்.

"அது உருமாலைங்க, சும்மாடு இல்ல. கல்யாணத்துக்கா போறீங்க?" அவளே அவிழ்த்து, முறுக்கி, வட்டமாகச் சுற்றி, அவர் உச்சந்தலையில் அழுத்தி வைத்தாள். "கழுத்த ஆட்டாதீங்க. காலப் பாக்காதீங்க. நேரா ஏணியோட உச்சியப் பாத்து ஏறுங்க."

முதல் சட்டியில் பாதி அவர் தோளில் வழிந்தது. வீதியே சிரித்தது. ஐந்தாவது சட்டியில் வழியவில்லை. பத்தாவது சட்டியோடு மேலே வந்தவர் மூச்சு வாங்க நின்று, "இதையா புள்ள இருபத்தாறு வருசமா…" என்றார். முடிக்கவில்லை. பழனியாத்தாள் நிமிர்ந்து பார்க்காமல், "கலவை காயுதுங்க, கொட்டுங்க" என்றாள்.

இந்தத் தடவை விடியற்காலை ஐந்தரைக்கே ஆரம்பித்தார்கள், காற்று எழும்புவதற்கு முன்னால். ஒன்றுக்கு நாலு. மேலே எதுவும் தூவவில்லை. மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் நெடுக இரண்டு மூங்கிலை நட்டு, காற்றை மறைக்கப் பெரிய ப்ளக்ஸ் ஒன்றைக் கட்டினார்கள். கயல்விழியின் கல்யாணத்துக்கு அடித்த ப்ளக்ஸ் அது. மாப்பிள்ளையும் கயல்விழியும் கும்பிட்டபடி, தங்கள் மேல் வந்து மோதுகிற மேகாத்தை நாள் முழுக்கத் தடுத்துக்கொண்டு நின்றார்கள். போட்டுத் தேய்த்த இடத்தில் உடனுக்குடன் ஈரச் சாக்கை விரித்தார்கள். வாட்டம் பார்க்க அவள் ரசமட்டத்தைத் தேடவில்லை. சொம்புத் தண்ணீரைத் தூரத்து மூலையில் மெல்ல விட்டு, அது போகிற வழியைப் பார்த்தாள். கொத்தனார்கள் தளம் போட்ட அன்றோடு இறங்கிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் ஊற்ற ஏறுகிறவள் சித்தாள்தான். எந்தத் தளத்தில் தண்ணீர் எங்கே தயங்கும், எங்கே ஓடும், எங்கே நின்று பாசி பிடிக்கும் என்று அவளுடைய காலுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வெடிக்கவில்லை. செவ்வாயும் வெடிக்கவில்லை. புதன்கிழமை நாங்களே போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தோம். பதினைந்து நாள் விடாமல் நனைத்தாள். வீட்டுக்குள் மேலே தெரிந்த கம்பிகளை இரும்பு பிரஷ்ஷால் துருப் போகத் தேய்த்து, துருத் தடுக்கிற பெயிண்ட் அடித்து, அண்ணாந்தபடியே பூசினாள். பாதிக் கலவை அவள் முகத்திலேயே விழுந்தது.

புரட்டாசி இரண்டாம் வாரம், குழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்தாள். வீதிக் குழாயிலிருந்து ஓஸ் போட்டு மொட்டைமாடியில் தண்ணீரைக் கட்டினாள். மூன்று நாள் நிற்க வேண்டும் என்றாள். வேலன் டூட்டிக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கட்டிலில் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ராசம்மாள் பஸ் இறங்கி வந்துவிட்டார். சொல்லிக்கொள்ளவில்லை. பழனியாத்தாள் சந்தகை பிழிந்துகொண்டிருந்தாள். பதறவில்லை.

"வாங்க சம்பந்தி. இங்க உக்காருங்க." பழைய இடத்திலேயே கிடந்த அதே கட்டிலைக் காட்டினாள்.

ராசம்மாள் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு நுனியில் உட்கார்ந்தார். வட்டலில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தது. கயல்விழிக்கு நாட்டுச் சர்க்கரையை நிறுத்தியிருக்கிறது, டாக்டரம்மா இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார், இந்த வருஷம் அந்தியூர்த் தேரில் குதிரை நல்ல விலை என்று பேச்சு ஓடியது. ஆனால் இரண்டு வாய்க்கு ஒரு தடவை அவர் கண் மேலே போய் வந்தது.

"பூச்சு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா சம்பந்தி, இப்ப எப்படீங்க தெரியும்? மழை வந்தாத்தான தெரியும்?"

"மழை வந்தாச்சுங்க."

"எங்கீங்க? மேட்டுப்பாளையம் ரோடு பூரா புழுதி. என்ர சேலையப் பாருங்க."

"உங்க தலைக்கு நேரா மேல, மூணு நாளா நாலு விரக்கடைத் தண்ணி நிக்குதுங்க."

ராசம்மாளின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. சட்டென்று வட்டலோடு கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்தார். மேலே பார்த்தார். ஒரு துளி, ஒரு ஈரத் திட்டு, எதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே நகர்ந்து வந்தார்.

"பொய் சொல்லாதீங்க சம்பந்தி."

"ஏணி வெளிய இருக்குதுங்க."

ஐம்பத்தெட்டு வயதில் ராசம்மாள் ஏணியில் ஏறினதை எங்கள் வீதி இன்னும் பேசுகிறது. "வேலண்ணா, ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க" என்று கடைசிப் படி வரை சொல்லிக்கொண்டே போனார். காலை டிரிப் முடித்து வந்திருந்த வேலன் ஏணியைத் தொடவே இல்லை. எதிரில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மேலே தண்ணீர் அசையாமல் நின்றது. குருடி மலையும் அதன் மேலிருந்த மேகமும் அதற்குள் தலைகீழாகக் கிடந்தன. ராசம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து, குழாய் மூலையில் நாலு விரலைச் சேர்த்து நிறுத்தினார். நாலும் நனைந்தது.

"யாருங்க போட்டது?"

"நாந்தானுங்க."

"நீங்க நின்னு போட வெச்சீங்களா?"

"இல்லீங்க. உக்காந்து போட்டேன். முட்டியப் பாருங்க." சேலையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். இரண்டு முட்டியும் காய்த்துக் கறுத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழே பைக் சத்தம். மதன்குமாரும், பின்னால் ராமுலு மேஸ்திரியும். இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். வெங்கடலட்சுமி சொல்லித்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அவளும் ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டாள். மதன்குமார் தண்ணீரை ஒரு சுற்றுப் பார்த்தார். கீழே இறங்கி உள்ளே போய் மேலே பார்த்தார். மறுபடி ஏறி வந்தார்.

"பழனியக்கா, சரவணம்பட்டில அந்தப் பெரிய மாடி ஞாபகம் இருக்குதா? ரெண்டு வாட்டி தளம் போட்டாச்சு. நடுவுல தண்ணி நிக்குதுன்னு ஓனர் தெனம் போன் போடறாரு."

"தெரியுமுங்க. போட்ட அன்னைக்கே தெரியும். அந்த எடத்துல எங்காலு எறங்குச்சு."

"சொல்லவே இல்ல?"

"யாரும் கேக்கலீங்களே."

மதன்குமார் கழுத்தைச் சொறிந்தார். "வந்து பாருங்களேன்."

"பாக்கறதுக்குங்களா, போடறதுக்குங்களா?"

அவர் ராமுலுவைப் பார்த்தார். ராமுலு மலையைப் பார்த்தார்.

"போடறதுக்குத்தான்" என்றார் மதன்குமார்.

"வாரேனுங்க தம்பி. ஆனா சட்டி தூக்க ஆள் வேணுமுங்க."

ஏணியிலிருந்து வெங்கடலட்சுமியின் குரல் வந்தது: "என்னையப் பாக்காதீங்க, நானும் கரண்டி வாங்கப் போறேன். எங்க ஊட்டுக்காரரு வேணாத் தூக்குவாரு." கீழே வீதியில் நின்றிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ராமுலுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தூக்கறேன், தூக்கறேன். ஆனா சும்மாடு சுத்தத் தெரியாது" என்றார். "நான் சொல்லித் தாரேனுங்க மேஸ்திரி" என்று வேலன் கீழேயிருந்து கத்தினார்.

பழனியாத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். குழாய் மூலைக்குப் போய்க் குனிந்து, களிமண்ணை விலக்கித் துணியை உருவினாள்.

தண்ணீர் ஒரு சத்தம் போட்டுக் குழாய்க்குள் பாய்ந்தது. கிழக்குச் சுவரோரம் தடியாக ஒரே கம்பமாகக் கொட்டியது. வீதிக் குழந்தைகள் அதற்குக் கீழே ஓடிப் போய் நின்றன. மேலே மலை அசைந்தது, மேகம் அசைந்தது, இரண்டும் சுருங்கிச் சுருங்கிக் குழாய் மூலைக்கு நகர்ந்தன. தூரத்து மூலை முதலில் வெளியே வந்தது. அப்புறம் நடு. கம்பம் மெலிந்து நூலாகி, நூல் சொட்டாகி, நின்றது. மதன்குமார் தளம் நெடுக நடந்து பார்த்தார். உள்ளங்கை அளவுகூட எங்கும் தேங்கவில்லை.

ராசம்மாள் போனை எடுத்துக் காதில் வைத்திருந்தார்.

"கண்ணு, பொட்டியக் கட்டி வெச்சிரு. வளையல் போட்ட அன்னைக்கே உன்னைய உங்கம்மா ஊட்டுல உட்டர்றேன்… ஆமா, நான் மேலதான் நிக்கறேன்… மேலன்னா மேலதான், கூரை மேல. ஏணில ஏறுனேன்… போன உங்கம்மாகிட்டத் தரட்டுமா?"

பழனியாத்தாள் கையை நீட்டவில்லை. கை முழுக்கக் களிமண். வெறும் பாதத்தால் தளத்தை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் இருந்தது. தண்ணீர் இல்லை.

"அப்புறமேட்டுப் பேசறேன்னு சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்குப் பொழுதோடவே எங்கம்மா காயில் சுற்றுகிற வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். பின்னாலேயே இன்னும் மூன்று வீட்டுக்காரிகள்.

"ஏனுங் பழனியக்கா, சட்டி தூக்க நான் வாரேன். எங்க ஊட்டுக்கு எப்ப வாரீங்க?"